சின்ன அலுமினியப் படகில் தண்ணீர் ஏறினால்: கசிவைக் கண்டுபிடித்து அடைக்க முழுமையான வழிகாட்டி

இறால் குட்டைக்கோ, முத்துப்பேட்டை அலையாத்தி ஓடைக்கோ, கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கோ 10 முதல் 14 அடி அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது. ஃபைபர் படகுக்கு நாகப்பட்டினம் தொடங்கிக் கரை நெடுகப் பழுது பார்க்க ஆள் கிடைக்கும். அலுமினியத்துக்குக் கிடைப்பது அரிது. அதனால் பலரும் ஃபைபர் வேலைக்காரரையே கூப்பிட்டு, கண்ணாடி இழைப் பாய் போட்டு ரெசின் தடவச் சொல்கிறார்கள். ஃபைபர் படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் அலுமினியத்தில் உறுதியாக ஒட்டாது. சில மாதங்களில் ஓரம் எழும்பி, அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் தேங்கி, தகட்டை மறைவாக அரிக்கும். கசிவு ஊசித்துளையாக இருந்த இடம் அதற்குள் விரலளவு ஓட்டையாகியிருக்கும்.

இந்த வேலையில் முக்கால்வாசி, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பதுதான். உள்ளே தண்ணீர் தெரிகிற இடம் பெரும்பாலும் அது நுழைந்த இடமாக இருக்காது. விலாச் சட்டத்தின் அடியில் ஓடி, ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுச்சட்டம்) ஓரமாக இறங்கி, இன்ஜின் மாட்டும் பின்பலகைப் பக்கம் வந்து தேங்கும். இடம் தெரியாமல் எம்-சீல் அப்பாதீர்கள். அப்பிவிட்டால் அடுத்த முறை சோதிக்கும்போது உண்மையான இடமும் மறைந்துபோகும்.

எப்போது செய்வது

மேட்டூர் ஜூன் 12இல் திறப்பதுதான் வழக்கம். ஆறும் வாய்க்காலும் வறண்டிருக்கும் மாசி, பங்குனிதான் இதற்குத் தோதான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது எல்லாரும் படகை மேலேற்றுவதால் கடலோரப் பட்டறைகளில் ஆள் பிடிப்பது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எபாக்சி (இரண்டு பாகமாகக் கலந்து போடும் பசை) வேலை வேண்டாம். மேலே பிசுபிசுப்பான படலம் கட்டும், அடுத்த பூச்சு ஒட்டாது. வெயில் காலத்திலும் நண்பகலில் தகடு கை வைக்க முடியாமல் சுடும், கலந்த எபாக்சி கிண்ணத்திலேயே இறுகிவிடும். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வேலை பாருங்கள்.

கசிவுதானா?

மழைத்தண்ணீர், அலைச்சாரல், ஈரமான வலை, தண்ணீர் குடித்த மிதவை ஃபோம் எல்லாமே கசிவு போலத் தெரியும். படகைத் துடைத்துக் காயவைத்து, தார்ப்பாய் மூடி, ஆளில்லாமல் ஓர் இரவு தண்ணீரில் கட்டிவையுங்கள். காலையில் சேர்ந்ததை லிட்டர் கணக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழுது பார்த்த பின் ஒப்பிட இந்த எண் வேண்டும். உவர் நீரில் நிற்கும் படகானால் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கசிவு. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் நிரம்பி வரும்போது முத்துப்பேட்டைக் காயலே உவர்ப்புக் குறைந்துவிடும், அப்போது இந்தச் சோதனை ஏமாற்றும்.

நிற்கும்போது காய்ந்திருந்து, ஓடும்போதோ நாலு பேர் ஏறியபோதோ மட்டும் தண்ணீர் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, துளை நீர்மட்டத்துக்கு மேலே பக்கத் தகட்டிலோ பின்பலகையிலோ இருக்கிறது. இன்னொன்று, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி தளர்ந்து, தகடு வளையும்போது மட்டும் இடுக்குத் திறக்கிறது.

தண்ணீர் ஊற்றிச் சோதித்தல்

படகைத் தண்ணீரில் இறக்கி உள்ளே ஒழுகுவதைப் பார்ப்பதைவிட, கரையில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே சொட்டுவதைப் பார்ப்பது எளிது.

எடையை முதலில் கணக்கிடுங்கள். 12 அடிப் படகின் அடித்தளம் சுமார் மூன்றரை சதுர மீட்டர். 5 செ.மீ. ஊற்றினால் ஏறத்தாழ 175 லிட்டர், அதாவது 175 கிலோ. 10 செ.மீ. என்றால் 350 கிலோ. ஆற்றில் மிதக்கும்போது இந்தப் பாரத்தை வெளியே இருக்கும் தண்ணீர் தாங்கும். கரையில் தாங்க எதுவும் இல்லை. இரண்டு கட்டையில் மட்டும் நிறுத்தினால் அடித்தகடு தொய்ந்து, நல்ல ரிவெட்டும் இழுபடும். பழைய லாரி டயர்களையோ மணல் மூட்டைகளையோ விலாச் சட்டங்களுக்கு நேர் கீழே நான்கைந்து இடத்தில் வையுங்கள். ஈரமான சிமெண்ட் கல் நேரடியாகத் தகட்டில் படக்கூடாது. அதன் காரம் அலுமினியத்தை அரிக்கும். தரைக்கும் அடித்தகட்டுக்கும் இரண்டடி இடைவெளி இருக்கட்டும். தண்ணீர் நிரம்பிய படகின் அடியில் தலையை நுழைக்கவே வேண்டாம். குச்சியில் கட்டிய கைபேசிக் கேமராவோ கண்ணாடியோ போதும்.

1. இன்ஜின், பெட்ரோல் டாங்க், பேட்டரி, தரைப்பலகை, கயிற்றுப்பாய், ஃபோம் எல்லாவற்றையும் எடுங்கள். ஃபோம் துண்டைத் தூக்கிப் பாருங்கள், பாரமாக இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம்; அதைத் திரும்பப் போடாதீர்கள்.

2. உள்ளும் புறமும் சாதாரண சோப்புத்தண்ணீரில் கழுவுங்கள். பழைய தார் இருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு அசிட்டோன். கழிவறை ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் தகட்டைத் தின்னும்.

3. வெளிப்புறம் நன்றாகக் காய்ந்ததும் முகப்பவுடரைத் துணியில் கட்டி ரிவெட் வரிசைகள், தகடு மேல் தகடு ஏறும் மூட்டுகள், ஏரா ஓரம் முழுதும் தட்டுங்கள். ஈரம் பட்ட இடம் கருத்துத் தெரியும்.

4. உள்ளே ஊற்றும் தண்ணீரில் சொட்டுநீலம் கலந்துகொள்ளுங்கள். வெளியே வருவது வியர்வையா, முன்பு கழுவிய தண்ணீரா, சோதனைத் தண்ணீரா என்ற குழப்பம் தீரும்.

5. முதலில் 2 செ.மீ., பிறகு 5 செ.மீ., கடைசியில் 10 செ.மீ. ஒவ்வொரு கட்டத்திலும் அரைமணி நேரம் பொறுங்கள். அதற்கு மேல் ஊற்ற வேண்டியதில்லை. நீர்மட்டம் ஏறும்போது புதிதாக எந்த இடம் சொட்டுகிறது என்பதுதான் துப்பு. அடித்தளம் முடிந்ததும் தண்ணீரைக் குறைத்து, அணியத்தை (முன்பக்கத்தை) தூக்கிப் பின்பலகைப் பக்கம் தேங்கவிட்டு ஒரு முறை பாருங்கள்.

6. சொட்டும் இடத்தைக் குறிக்காதீர்கள். ஈரத்தடத்தை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து அது தொடங்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிடுங்கள். பென்சில் வேண்டாம், அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும், விமானப் பட்டறைகளில் அதற்குத் தடையே உண்டு.

பக்கத் தகட்டுக்கும் பின்பலகைக்கும் இந்த அளவு தண்ணீர் எட்டாது. அங்கே வெளியிலிருந்து ஹோஸ் பிடியுங்கள். கீழிருந்து தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக மேலே ஏறுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது.

ஈரம் தெரிகிறது, துளை தெரியவில்லை என்றால் மயிரிழை விரிசலாக இருக்கலாம். மூன்று டப்பா சாயச் சோதனை இதற்கு உதவும்: கிளீனர் அடித்துத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து 10 முதல் 20 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். திருச்சியில் பெல் நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இது அன்றாட வேலை, துவாக்குடிப் பக்கம் விசாரித்தால் செய்துகொடுப்பார்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்

அடைப்பானில் தொடங்குங்கள். ரப்பர் வெடித்த டிரெயின் பிளக்கை மாற்றுவது சில நிமிட வேலை, அதைப் பார்க்காமல் ரிவெட்டைக் குடைபவர்கள் ஏராளம். அடைப்பான் மாட்டும் வளையம் பித்தளையாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும். நைலான் வளையமாக மாற்றிவிடுங்கள்.

அடுத்து, பின்பலகையில் இன்ஜின் போல்ட் துளைகள், மீன் காட்டும் கருவிக்குப் போட்ட திருகுகள், அணியத்தில் கயிறு கட்டும் வளையத்தின் போல்ட். இருக்கைப் பெட்டி பக்கத் தகட்டில் முடியும் மூலையிலும், பின்பலகையின் இரு கீழ் மூலைகளிலும் விரிசல் விடும். கதவணைத் தளத்தின் காங்கிரீட்டிலும் முகத்துவாரத்தின் ஆளிப் படுகையிலும் இழுபடும் படகுக்கு ஏரா ரிவெட்டுகளின் தலையே தேய்ந்திருக்கும்.

ரிவெட்டைக் கண்ணால் சோதிக்க வழி இருக்கிறது. தலையைச் சுற்றிக் கரும்புகை போன்ற கோடு இருந்தால் அது தகட்டோடு உரசி ஆடுகிறது. வெள்ளைப் பொடி இருந்தால் அரிப்பு. உள்ளே ரிவெட் மேல் விரல் வைத்து, வெளியே ஒருவர் சின்னச் சுத்தியலால் தட்டட்டும். தளர்ந்தது விரலுக்குத் தெரியும்.

தளர்ந்த ரிவெட்

ஒரு கசியும் ரிவெட்டைக் கண்டால் அதன் இரு பக்கமும் உள்ள நாலைந்தையும் சோதியுங்கள். ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்தில் இருப்பதற்குப் போகும்.

முதலில் மறுபடி அடித்து இறுக்கிப் பாருங்கள். இருவர் வேண்டும். வெளித்தலையில் பொருந்தும் குழிவான அச்சான ஸ்நாப்பை ஒருவர் அழுத்தி அடிக்க, உள்ளே மற்றவர் ஒரு கிலோவாவது எடையுள்ள வழவழப்பான இரும்பு டாலியை ரிவெட்டின் வாலில் (உள்முனையில்) அழுத்திப் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு அடி போதும். அதற்கு மேல் அடித்தால் அலுமினியம் கடினப்பட்டு, தலை வெடிக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் மாற்ற வேண்டும். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, 4 மி.மீ. பிட்டால் தலையின் உயரம் வரை மட்டும் துளையிட்டு, தலையை நெம்பி எடுத்து, தண்டைப் பஞ்சால் தட்டி வெளியேற்றுங்கள். தண்டு முழுவதையும் டிரில்லால் தின்னவிட்டால் துளை முட்டை வடிவமாகும்.

4.8 மி.மீ. கெட்டி ரிவெட்டுக்கு (உள்ளே ஓட்டையில்லாத ரகம்) தேவையான நீளம்: சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு. 1.6 மி.மீ. தகடும் 2 மி.மீ. சட்டமும் என்றால் 3.6 + 7.2, சுமார் 11 மி.மீ. அடித்து முடித்த வால் 7 மி.மீ. அகலமும் 2.4 மி.மீ. உயரமும் கொண்ட பொத்தானாக இருக்க வேண்டும். சாய்ந்து மடங்கியிருந்தால் நீளம் அதிகம், அது நாளை கசியும். எடுத்துவிட்டு வேறு போடுங்கள். துளை பெரிதாகியிருந்தால் அடுத்த அளவான 6.4 மி.மீ.க்குப் போங்கள். கெட்டி ரிவெட் அடிக்கத் தெரிந்தவர்கள் கரூர், திருச்சி பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் கிடைப்பார்கள். படகுக்காரரைத் தேடுவதைவிட இவர்களைத் தேடுவது புத்திசாலித்தனம்.

உள்ளே கை நுழையாத இடத்தில், வெளியிலிருந்தே இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்தான் வழி. ஹார்டுவேர் கடையில் கொட்டிக் கிடக்கும் சாதாரண பாப் ரிவெட் நடுவில் ஓட்டை உள்ளது, அந்த ஓட்டை வழியே தண்ணீர் ஏறும். வால் மூடிய, தண்டும் அலுமினியமாக உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். இரும்புத் தண்டு உள்ளது உவர் நீரில் துருப்பிடித்து உள்ளிருந்தே அரிக்கும். 4.8 ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பிடிப்பு அளவுக்குள் உங்கள் தகட்டுத் தடிமன் வருகிறதா என்று பாருங்கள்.

எந்த ரிவெட்டானாலும் துளையிலும் தலையின் அடியிலும் பாலியூரிதீன் சீலன்ட் தொட்டு, அது ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். சிக்காஃப்ளெக்ஸ் போன்ற கடல் ரகங்கள் 300 மி.லி. குழலில் வரும். கண்ணாடிக் கடைக்காரர் தரும், புளிப்பு வாடையடிக்கும் சிலிக்கானைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அமிலம் ஒரு கெடுதல் என்றால், அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்டோ எபாக்சியோ ஒட்டாதது அதைவிடப் பெரிய தொல்லை.

மூட்டு கசிந்தால்

ரிவெட்டுகளை இறுக்கிய பின்னும் மூட்டு முழுக்க வியர்த்தால், பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, 80 எண் உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, வெளிப்புறத்திலிருந்து பாலியூரிதீன் அழுத்தித் தேயுங்கள். வெளியே போட்டால் தண்ணீரின் அழுத்தமே அதை இடுக்குக்குள் தள்ளும். உள்ளே மட்டும் போட்டால் அதே அழுத்தம் அதை உரித்தெடுக்கும். நீண்ட மூட்டுக்கு எம்-சீலோ அரால்டைட்டோ ஏற்றதில்லை. தகடு வளையும், அவை வளையாது.

எபாக்சி போட்டே ஆக வேண்டிய இடம் என்றால் ஒரு நுணுக்கம். அலுமினியத்தைத் தேய்த்த மறுகணமே மேலே ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். அதனால் சுத்தம் செய்த தகட்டில் மெல்லியதாக எபாக்சி தடவி, அந்த ஈரத்துக்கு அடியிலேயே சின்ன ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேயுங்கள். காற்றுப் படாத தகட்டில் பசை பிடிக்கும். அந்த பிரஷை இரும்பில் போட்டுத் தேய்த்திருக்கக் கூடாது.

விரிசலும் துளையும்

விரிசலின் இரு முனையையும் சாயச் சோதனையால் உறுதிசெய்து, ஒவ்வொரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். கூர்முனையில் குவியும் இழுவிசை வட்டத்தில் பரவி, விரிசல் மேற்கொண்டு ஓடாது. இதைச் செய்யாமல் மேலே பட்டை (ஒட்டுத் தகடு) ஒட்டினால் விரிசல் பட்டையைத் தாண்டிப் போய்விடும்.

பட்டைக்கு 5052 ரக அலுமினியத் தகடு கேளுங்கள். பாத்திரத் தகடு மென்மையானது, பயன்படாது. தடிமன் படகுத் தகட்டின் அளவே இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் பட்டையின் ஓரத்தில் புதிய விரிசல் விழும். நான்கு பக்கமும் 45 மி.மீ. ஏற்றம் வேண்டும். 8 செ.மீ. விரிசலுக்கு 17 × 9 செ.மீ. பட்டை. மூலைகளை 25 மி.மீ. ஆரத்துக்கு வளைத்து வெட்டுங்கள். ரிவெட் துளைகள் ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 25 மி.மீ. இடைவெளியில் வந்தால் ஏறத்தாழ 17 ரிவெட் ஆகும்.

பட்டையை வெளிப்புறம் வைத்து, மூலைக்கு ஒரு 4 மி.மீ. நட்டு போல்ட்டால் பிடித்து, எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போடுங்கள். பிறகு கழற்றி, இரு தகட்டிலும் துளை விளிம்பில் எழுந்த பிசிரை எடுங்கள். பிசிர் இருந்தால் தகடுகள் ஒன்றோடொன்று படியாது. இந்தப் பட்டை வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான். அசிட்டோன் போட்டுத் துடைத்து, ஒன்றரை மி.மீ. கனத்துக்குச் சீலன்ட் பூசுங்கள், 25 மி.லி. போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக ரிவெட் அடியுங்கள். ஓரம் முழுதும் சீலன்ட் பிதுங்கி வர வேண்டும், வராத இடத்தில் பூச்சுப் போதவில்லை. அணியத்தைப் பார்க்கும் விளிம்பை அரத்தால் சரித்துவிட்டால் மணல் அதைக் கிளப்பாது.

அரிப்புத் துளைக்கும் இதே பட்டைதான். ஆனால் துளையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகி, அழுத்தினால் அமுங்குகிறவரை தகடு மெலிந்திருக்கிறது. அவ்வளவையும் மூடும் அளவில் பட்டை வெட்டுங்கள். காரணத்தையும் எடுக்காவிட்டால் பட்டைக்குப் பக்கத்திலேயே அடுத்த துளை வரும். அடியில் கிடக்கும் ஈயக்குண்டு, தூண்டில் முள், விழுந்த காசு, அறுந்த செம்புக் கம்பி, செம்பு மருந்து ஏற்றிய பலகை, உப்பில் ஊறிய பாய் இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

வெல்டிங் எப்போது

வெல்டிங்காலேயே கட்டிய படகுக்கு மட்டும். ரிவெட் படகில் வெல்டிங் வைத்தால் சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்து, மூட்டுக்குள் இருக்கும் சீலன்ட் கருகி, ஒரு கசிவுக்குப் பத்தாகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே இருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் சாதாரண ராடு வெல்டர் தொட்டால் தகடு பொத்துக்கொண்டு விழுகிறது. ஏ.சி. டிக் வெல்டிங், தூய ஆர்கான், 5052 அல்லது 5083 தகட்டுக்கு 5356 ஃபில்லர் கம்பி என்று கேளுங்கள். ஈரமோ உப்போ இருந்தால் வெல்டிங் முழுக்கக் குமிழித் துளை விழும். டாங்க்கையும் ஃபோமையும் எடுக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள்; எரியும் ஃபோமின் புகை நச்சு.

பின்பலகை போல்ட்

316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினியத்தைத் தொடாதபடி நைலான் புஷ், பெரிய வாஷர், துளை முழுக்கச் சீலன்ட். கையால் மட்டும் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். இறுகிய பின் கால் சுற்று முறுக்குங்கள். முதல் நாளே முழுக்க முறுக்கினால் சீலன்ட் எல்லாம் வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

மறுசோதனை

சீலன்ட் குழலில் போட்டிருக்கும் நேரம் முடிந்ததும் அதே நீலத்தண்ணீர், அதே 2, 5, 10 செ.மீ. தரைப்பலகையை மாட்டும் முன் இதைச் செய்யுங்கள். தேறினால் ஆற்றில் இறக்கி, ஆட்களை ஏற்றி, இடமும் வலமும் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். ஓர் இரவு கட்டிவைத்து, முன்பு எழுதிய லிட்டர் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

பெயின்ட் அடிப்பதானால் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் முதலில். பாசி பிடிக்காத பெயின்டில் செம்பு கலந்தது கூடாது. உவர் நீரில் நிற்கும் படகுக்கு அலுமினிய அனோடு (படகுத் தகட்டுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு), முழுக்க நல்ல தண்ணீர் என்றால் மக்னீசியம். அனோடு மேல் பெயின்ட் படக்கூடாது.

நடுத்தண்ணீரில் கசிந்தால்

எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டபின் ஆட்களையும் சாமானையும் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள்; துளை நீர்மட்டத்துக்கு மேலே வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வராவிட்டால் சைக்கிள் டியூப் துண்டை இரண்டாக மடித்துத் துளையில் வைத்து, மேலே சின்னப் பலகை வைத்து, துடுப்பை இருக்கைக்கும் பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுங்கள். கழன்ற ரிவெட் துளைக்கு ரப்பர் வாஷர் போட்ட சின்னத் திருகு போதும். இதற்கான டியூப், பலகை, பத்துத் திருகு, வாஷர், ஸ்க்ரூடிரைவர், இறைக்க ஒரு வாளி இவை ஒரு பையில் எப்போதும் படகிலேயே இருக்கட்டும். கரை சேர்ந்ததும் இரும்புத் திருகைக் கழற்றிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் அடுத்த பருவத்துக்குள் அந்தத் துளை இரண்டு மடங்காகும்.